சுவோன் கோட்டைக்குத் தனி வேன் பேசாதீர்கள்

கொரியாவுக்குப் போகிறவர்கள், அதுவும் வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். சுவோன் நகரத்தில் இருக்கும் ஹ்வாசொங் கோட்டைக்குத் தனி வேன், வழிகாட்டி, நுழைவுச்சீட்டு, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து என்று சொல்லி எங்கள் இரண்டு பேரிடம் 1,80,000 வோன் வாங்கினார்கள். நம் காசுக்குப் பதினோராயிரத்துக்கு மேல். அன்று சாயங்காலம் அதே தூரத்தை ஆளுக்கு இரண்டாயிரத்துச் சில்லறை வோனில் திரும்பி வந்தோம். உட்கார இடம் கிடைத்தது, ஏசியும் ஓடியது.

விற்றவர்களின் பெயரைப் போடப் போவதில்லை. நாளைக்கே வேறு பெயரில் வேறு துண்டுக் காகிதம் அச்சடித்துக்கொள்வார்கள். கதையைத் தெரிந்துகொண்டால் போதும்.

அம்மாவுக்கு 60 முடிந்த வருடம். கொரிய ராஜா காலத்துத் தொடர்களைத் தமிழ் டப்பிங்கில் பார்த்துப் பார்த்து, கோட்டை ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. சியோலில் தங்கியிருந்த இடத்தின் வரவேற்பு மேசையிலேயே அந்தத் துண்டுக் காகிதம் இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. வேன் என்றதும் நான் யோசிக்கவே இல்லை. ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டதற்கு “நாளைக்கு வண்டியில் தருவோம்” என்றார்கள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை 8:30க்கு வேன் வரவில்லை. தொப்பி போட்ட ஒரு பையன் நடந்து வந்தான். நெடுஞ்சாலையில் நெரிசல், ரயிலில் போனால் சீக்கிரம் போய்விடலாம், அங்கே ஸ்டேஷனில் எங்கள் ஆள் பலகையோடு நிற்பார் என்றான். கையில் ஒரு உறையைக் கொடுத்தான். உள்ளே இரண்டு பயண அட்டைகள், ஒரு அச்சடித்த தாள். “எங்கே வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம், கணக்கே கிடையாது” என்று அட்டையைக் காட்டிச் சொன்னான். தாளில் இறங்க வேண்டிய ஸ்டேஷன் பெயர் ஹ்வாசொ என்று இருந்தது. கோட்டை பெயர் ஹ்வாசொங். கடைசி ‘ங்’ அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

விட்டுப்போகவில்லை. ஹ்வாசொ என்பது சியோலிலிருந்து வரும்போது சுவோனுக்கு முந்தைய ஸ்டேஷன். கோட்டைக்கு வருகிறவர்கள் அங்கே இறங்குவதில்லை, அடுத்ததாக வரும் சுவோனில்தான் இறங்குவார்கள். அதைவிட, அங்கே அட்டையை வைத்ததும் கேட் சிவப்பாகி ‘பீப்’ என்று கத்தியது. அம்மாவின் அட்டையும் அப்படியே. பின்னால் வரிசை நிற்கிறது. உதவிப் பொத்தானை அழுத்தினேன். ஓர் அலுவலர் வந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தார், சுவரில் இருந்த ரயில் வரைபடத்தில் சியோலைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார், பிறகு நாங்கள் நிற்கும் இடத்தைத் தொட்டுக் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அது சியோல் நகராட்சி 2024இல் கொண்டுவந்த ‘காலநிலை அட்டை’. சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு நாள் அட்டை 5,000 வோன். சியோலுக்குள் சுற்ற அருமையான அட்டை, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சுவோன் அந்த எல்லைக்குள் வராது. ஏறிய இடத்திலிருந்து முழுக் கட்டணத்தையும் தனியாகக் கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தோம். 1,80,000 வோன் வாங்கியவர்கள் எங்களுக்காகச் செலவழித்தது இரண்டு அட்டைக் காசு, அதுவும் வேலை செய்யாத ஊருக்கு.

வெளியே பலகையோடு யாரும் இல்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து ஒரு செய்தி மட்டும் வந்தது: டாக்சி பிடித்துப் போங்கள், காசைத் திருப்பித் தருகிறோம்.

இனி நடந்தது பாதி என் முட்டாள்தனம். டாக்சிக்காரரிடம் “ஹ்வாசொங்” என்றேன். அவர் திரும்பி “ஹ்வாசொங்-ஷி?” என்று கேட்டார். தொடர் பார்த்துக் கற்ற கொரியனில் பெயருக்குப் பின்னால் ‘ஷி’ வந்தால் மரியாதை, நம் ‘அவர்கள்’ மாதிரி. கோட்டைக்குக்கூட எவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள் என்று பூரித்துப்போய் “நே, நே” என்று தலையாட்டினேன். அவர் கேட்டது வேறு ‘ஷி’. நகரம் என்று அர்த்தம். ஹ்வாசொங் என்ற பெயரில் சுவோனுக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு நகரம் இருக்கிறது!

இருபது நிமிடம் ஓடியது. இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள், பிறகு வயல், மறுபடி அடுக்குமாடிகள். அம்மாதான் முதலில் சொன்னாள்: “ஏண்டி, கோட்டை ஊருக்கு நடுவுல இருக்குன்னு சொன்னியே, இங்க ஊரையே காணோமே?” அதே நேரம் டிரைவரும் போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: ஹ்வாசொங்கில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பு? நான் கோட்டைப் படத்தைக் காட்டியதும் மனிதர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். “சுவோன்! சுவோன் ஹ்வாசொங்!” மீட்டரில் 19,400. அந்த இடத்திலேயே மீட்டரை நிறுத்தினார். திரும்பி வந்த தூரத்துக்கு ஒரு வோன்கூட வாங்கவில்லை. எங்களை ஏமாற்றியவர்களின் கணக்கில் இவரைச் சேர்த்துவிடாதீர்கள்.

இந்தப் பெயர்க் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று பிறகு படித்தபோது, மூலகாரணம் கோட்டையைக் கட்டிய அரசரேதான் என்று தெரிந்தது. அந்த அரசர் ஜொங்ஜோவின் அப்பா இளவரசர் சாதோ. 1762இல் பெற்ற தகப்பனே அவரை அரிசிப் பெட்டிக்குள் அடைத்துச் சாகவிட்டார். மகன் அரசரானதும் 1789இல் அப்பாவின் கல்லறையைப் பழைய சுவோன் ஊர் இருந்த இடத்துக்கு மாற்றினார். அங்கிருந்த ஊரை அப்படியே பெயர்த்து இப்போதைய சுவோனுக்குக் கொண்டுவந்தார். அந்தப் புது ஊருக்கு 1794 முதல் 1796 வரை கட்டிய மதில்தான் இந்தக் கோட்டை. பிறகு 1949இல் சுவோன் தனி நகரம் ஆனபோது, சுற்றியிருந்த மிச்ச மாவட்டத்துக்கு ஹ்வாசொங் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆக ஹ்வாசொங் கோட்டை இருப்பது சுவோனில், கோட்டையைக் கட்டியவரின் அப்பா கல்லறை இருப்பது ஹ்வாசொங்கில். போதாததற்குக் கொரியனில் செவ்வாய்க் கிரகத்துக்கும் ஒலிப்பில் இதே சொல்தான். நாங்கள் பக்கத்து ஊரோடு தப்பித்தோம்.

பால்தால்முன் என்ற தெற்கு வாசலில் இறக்கிவிட்டார். வாகனங்கள் சுற்றிப்போகும் வட்டத்துக்கு நடுவில் வாசல் தனியாக நிற்கிறது. அதன் இரண்டு பக்கமும் மதில் அறுந்து கடைத்தெருவாகிவிட்டது. மதில் சுற்றளவு 5.7 கிலோமீட்டர். அம்மாவால் அவ்வளவு நடக்க முடியாது என்பதால் நீரோடைப் பக்கம் மட்டும் போனோம். ஏழு வளைவுகளுக்குக் கீழே தண்ணீர் ஓடும் ஹ்வாஹொங்முன் வாசல், மேட்டில் ஒரு மண்டபம், அதன் காலடியில் குளம். அம்மா அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நானும் காலையில் நடந்ததை அப்போதைக்கு மறந்தேன்.

கோட்டைக்குள் இருக்கும் அரண்மனையின் வாசலில் மறுபடி ஞாபகம் வந்தது. ‘நுழைவுச்சீட்டு உட்பட’ என்ற தாளை நீட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். அது டிக்கெட் இல்லை, வெறும் தாள். டிக்கெட் எடுத்து உள்ளே போனோம், ஒரு காபி விலையில் பாதிகூட இல்லை. மதிலைச் சுற்றி நடக்க எங்களிடம் யாரும் காசே கேட்கவில்லை. 1795இல் ஜொங்ஜோ தன் அம்மாவை ஊர்வலமாகக் கூட்டிவந்து இந்த அரண்மனையில்தான் அறுபதாம் வயது விருந்து வைத்தாராம். அம்மாவிடம் சொன்னேன். “அவன் அம்மாவைப் பல்லக்குல கூட்டிட்டு வந்தான், நீ டாக்சில ஊரைச் சுத்திக் காமிச்ச” என்றாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கோட்டை வேலையின் முழுக் கணக்கையும் 1801இல் புத்தகமாகவே அச்சிட்டார்கள். கொத்தனார், தச்சர் பெயர்கள், யார் எத்தனை நாள் வேலை செய்தார், என்ன கூலி, அரை நாள் வேலைக்கு அரை நாள் கூலி, எல்லாம் அதில் இருக்கிறது. போரில் இடிந்த பகுதிகளை 1970களில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் திருப்பிக் கட்டினார்கள். அரைநாள் கூலிக்குக் கணக்கு வைத்திருந்த கோட்டையைக் காட்டுகிறேன் என்று 1,80,000 வோன் வாங்கியவனிடம் ஒரு ரசீது இல்லை.

நீங்கள் போகும் வழி இவ்வளவுதான். கன்வீனியன்ஸ் கடையில் டி-மணி என்ற பயண அட்டை வாங்கி, ரொக்கம் கொடுத்து நிரப்பிக்கொள்ளுங்கள். சியோல் ஸ்டேஷனில் கருநீல நிற 1ஆம் லைன். இந்த லைன் கூரோ ஸ்டேஷனில் இரண்டாகப் பிரிகிறது. இன்சொன் என்று போட்ட ரயிலில் ஏறினால் கடல் பக்கம் போய்விடுவீர்கள். சொனான், சின்சாங், பியொங்ஜொம் என்று போட்டிருந்தால் அது சுவோன் வழியாகப் போகும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். நிற்க முடியாதவர்கள் கூட இருந்தால் அதே சியோல் ஸ்டேஷனில் முகுங்ஹ்வா ரயிலுக்கு டிக்கெட் எடுங்கள். இருக்கை எண்ணோடு, அரை மணி நேரத்தில் சுவோன். எனக்கு இது முன்னாலேயே தெரிந்திருந்தால் வேனை நினைத்தே பார்த்திருக்க மாட்டேன். சுவோன் ஸ்டேஷன் வாசலில் 11ஆம் எண் நகரப் பேருந்து ஏறினால் கால் மணி நேரத்தில் பால்தால்முன் பக்கம். பேருந்தில் ஏறும்போது மட்டும் இல்லாமல் இறங்கும்போதும் அட்டையைக் காட்டுங்கள், அப்போதுதான் ரயிலும் பேருந்தும் ஒரே பயணமாகக் கணக்காகும். வழி பார்க்க நேவர் அல்லது ககாவ் மேப் வைத்துக்கொள்ளுங்கள். டாக்சி எடுத்தே ஆகவேண்டும் என்றால் ‘ஹ்வாசொங்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், பால்தால்முன் என்று சொல்லுங்கள்.

அதே துண்டுக் காகிதத்தில் நாம்ஹான்சான்சொங் மலைக்கோட்டைக்கும் வேன் போட்டிருந்தார்கள். அதற்கும் வேன் தேவையில்லை. 8ஆம் லைனில் சான்சொங் ஸ்டேஷனில் இறங்கினால் 9ஆம் எண் பேருந்து மலைமேல் கோட்டைக்குள்ளேயே கொண்டுபோய் விடுகிறது.

காசு விஷயம். தங்கியிருந்த இடத்தில் “நாங்கள் காகிதத்தை வைக்க இடம் கொடுத்தோம், அவ்வளவுதான்” என்று கை விரித்தார்கள். விற்றவர்கள் 30,000 தருகிறோம் என்றார்கள். கடைசியில் 1330க்குப் போன் செய்தேன். சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண், நாள் முழுக்க எடுக்கிறார்கள், ஆங்கிலத்தில் பேசலாம். அந்தப் பெண் என்னை லைனில் வைத்துக்கொண்டே அவர்களைக் கூப்பிட்டுப் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் குரல் போகப் போக உயர்ந்தது மட்டும் கேட்டது. மறுநாள் காலை அதே தொப்பிப் பையன் வந்து 80,000 வோனை எண்ணிக் கொடுத்தான். மீதி 1,00,000 வரவில்லை. போகும்போது அந்த இரண்டு அட்டைகளையும் திருப்பிக் கேட்டான். அம்மா தரவில்லை.