ஹாட் யோகா: 40 டிகிரி அறையா, 35 டிகிரி அறையா, சாதாரண அறையா?

சூடாக்கிய அறையில் செய்யும் ஹாட் யோகாவில் சேரலாமா என்று யாராவது கேட்டால், 'எந்த ஹாட் யோகா?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். பலகையில் பெயர் ஒன்றுதான் என்றாலும், உள்ளே பெரும்பாலும் நடப்பது இரண்டில் ஒன்று: பிக்ரம் முறை அல்லது ஹாட் வின்யாசா. மூன்றாவதாக, சூடே இல்லாத சாதாரண வகுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஹீட்டருக்கு நாம் கொடுக்கும் காசு எதற்கு என்று தெரியாமலே போய்விடும்.

பிக்ரம் முறையில் எல்லாமே வரையறுக்கப்பட்டவை. 26 ஆசனங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு மூச்சுப் பயிற்சி, 90 நிமிடம், 105 டிகிரி ஃபாரன்ஹீட் (செல்சியஸில் 40.6), 40 சதவீத ஈரப்பதம். எந்த ஊருக்குப் போனாலும் அதே வரிசைதான். பரமஹம்ச யோகானந்தரின் தம்பியான பிஷ்ணு சரண் கோஷிடம் கொல்கத்தாவில் கற்ற பிக்ரம் சௌத்ரி, 1970களில் இதை அமெரிக்காவில் பரப்பினார். இந்த வரிசை தனக்கே சொந்தம் என்று அவர் தரப்பு தொடுத்த வழக்கில், ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்மீது பாலியல் குற்றச்சாட்டு வழக்குகள் வந்த பிறகு பல ஸ்டூடியோக்கள் அவர் பெயரைக் கழற்றிவிட்டன. இன்று '26+2' என்று போட்டிருந்தால் அது இதுதான்.

ஹாட் வின்யாசாவுக்கு இப்படி ஒரு சட்டதிட்டம் கிடையாது. அறை பொதுவாக 32 முதல் 38 டிகிரி இருக்கும், வகுப்பு சுமார் ஒரு மணி நேரம். பின்னணியில் பாட்டு ஓடும். மூச்சுக்கு ஓர் அசைவாக ஆசனங்கள் தொடர்ந்து வரும், வரிசை ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். இந்த ஓட்ட முறையின் வேர், மைசூரில் கற்பித்துப் பிறகு சென்னையில் குடியேறிய யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் வரை போகிறது. ஹீட்டர் பிற்காலத்து ஒட்டு.

புதியவருக்கு எது கடினம்? வெப்பமானியை மட்டும் பார்த்தால் பிக்ரம்தான். அசைவுகளைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. பிக்ரம் வகுப்பில் ஒவ்வோர் ஆசனத்திலும் நின்று நிதானிக்கலாம், பெரும்பாலும் இரண்டு முறை செய்வார்கள். ஆசிரியர் செய்துகாட்ட மாட்டார், ஆனால் காலை எங்கே வைப்பது, முழங்காலை எப்படிப் பூட்டுவது என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். எதிரே கண்ணாடி இருக்கும். தரையில் செய்யும் பகுதியில் நடுநடுவே அசையாமல் படுத்து ஓய்வெடுக்கும் சவாசனமும் உண்டு. ஹாட் வின்யாசாவிலோ முழங்கையை மடக்கி உடலைத் தரைக்கு இணையாகத் தாங்கும் சதுரங்க தண்டாசனமும், கையையும் காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனமும் திரும்பத் திரும்ப வரும். வியர்வையில் உள்ளங்கை வழுக்கும், மணிக்கட்டும் தோளும் எடையைத் தாங்க வேண்டும். அடுத்த ஆசனம் என்ன என்று தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் வகுப்பு அதற்கடுத்ததற்குப் போயிருக்கும். சூடு குறைவு என்று நம்பி இதில் சேர்ந்து முழிப்பவர்கள் நிறைய.

அதற்காக 40 டிகிரியை லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஈரப்பதம் இருக்கும் அறையில் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடல் குளிர வழியில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா க்ராஸ் வளாகத்தில் 2015இல் செய்த ஆய்வில், பிக்ரம் வகுப்பின்போது சிலருடைய உள்வெப்பநிலை 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. நல்ல காய்ச்சல் அளவு அது. களைத்த நேரத்தில் வரும், மண்டியிட்டுப் பின்னால் வளையும் உஷ்டிராசனத்தில்தான் பலருக்குத் தலைசுற்றும், குமட்டும்.

இவ்வளவு வேர்த்து என்ன கிடைக்கிறது? 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பிக்ரமின் அதே வரிசையை ஒரு குழு 40.5 டிகிரியிலும் இன்னொரு குழு 23 டிகிரியிலும் 12 வாரம் செய்தது. ரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும் திறனில் இரண்டு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. எரியும் கலோரியும் பெரிதில்லை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக அளவீட்டில் 90 நிமிடத்துக்கு ஆண்களுக்குச் சுமார் 460, பெண்களுக்கு 330. அதை வேக நடையே தந்துவிடும். வகுப்பு முடிந்ததும் எடை குறைந்ததாகக் காட்டுவது வெறும் தண்ணீர், அடுத்த இரண்டு சொம்பில் திரும்பி வந்துவிடும். நச்சு வெளியேறுகிறது என்பது விளம்பரப் பேச்சு, அந்த வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது.

சூட்டில் உடம்பு நன்றாக வளைகிறது என்பது உண்மைதான். அதில்தான் ஆபத்தும். வழக்கமாக 'போதும்' என்று தடுக்கும் இறுக்கம் அங்கே தெரியாது, தசைநார் பிடித்துக்கொண்டது மறுநாள்தான் தெரியும். சாதாரண அறையில் உங்கள் எல்லை எது என்று உடனே புரியும்.

அதனால் என் ஓட்டு இப்படி: யோகாவே புதிது என்றால் முதலில் சாதாரண அறை. சூடுதான் வேண்டும் என்றால், ஒரு மணி நேரத்தில் முடியும், 35 டிகிரிக்குள் நடக்கும் 26+2 வகுப்பு. சில இடங்களில் அது கிடைக்கிறது. ஹாட் வின்யாசா, சூரிய நமஸ்காரம் கைவந்த பிறகு.

கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், சிறுநீர் அதிகம் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த அறைக்குள் போக வேண்டாம். மற்றவர்கள் இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், காலையிலிருந்தே தண்ணீர் குடியுங்கள், யோகா விரிப்பின் மேல் போடப் பெரிய துண்டு கொண்டுபோங்கள். கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். முடிந்ததும் உப்புப் போட்ட மோர் நல்லது. கிறுகிறுத்தால் உட்காருங்கள், அடங்கவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். நடுவில் யாரும் வெளியே போகக் கூடாது என்று ஆசிரியர் பிடிவாதம் பிடித்தால், வேறு ஸ்டூடியோ பார்த்துக்கொள்ளலாம்.