பழைய லெவல் ஸ்விட்ச்சுக்குப் பெயின்ட் அடித்து விற்கிறார்கள்: பாய்லர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அம்பை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் பக்கம் பாய்லர் வைத்து நெல் அவிக்கிற ஆலைக்காரர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஓடித் தேய்ந்த ஒரு லெவல் ஸ்விட்ச்சைப் புதியது என்று சொல்லி எங்கள் ஆலைக்கு விற்றார்கள். அது மக்கர் செய்தபோது பழுது பார்க்காமல், பாதுகாப்பையே துண்டித்துவிட்டுப் போனார்கள். விற்றவர் பெயரை எழுதப்போவதில்லை. எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால், யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

பிசானப் பருவ நெல் வரத்துக்கு முன்னால் பாய்லரின் மிதவை லெவல் ஸ்விட்ச்சை மாற்றினோம். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்பை ஓட்டுவது வேறு ஸ்விட்ச். இது தண்ணீர் ஆபத்தான அளவுக்கு இறங்கினால் அலாரம் அடித்து, தீக்குக் காற்று ஊதும் ஃபேனை நிறுத்துவதற்கு மட்டும். உமி எரிகிற பாய்லரில் தண்ணீர் வற்றிய பிறகும் காற்று போய்க்கொண்டே இருந்தால் குழாய்கள் பழுத்துத் தொய்ந்துவிடும். அந்த நேரம் யாராவது பதறிப்போய்த் தண்ணீரை ஏற்றினால் உயிரே போகலாம்.

மாட்டிய கொஞ்ச நாளில் ட்ரிப் ஆக ஆரம்பித்தது. தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் தண்ணீர் பாதிக்கு நிற்கும், ஆனால் ஃபேன் நின்றுவிடும். முதலில் எப்போதாவது, அப்புறம் அடிக்கடி. நெல் பாதி அவிந்த நிலையில் நீராவி நின்றால் என்ன நஷ்டம் என்று ஆலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குப் போன் செய்தோம். அவர்கள் ஆள் வந்தார், மூடியைக் கழற்றி ஏதோ செய்தார், "சரி பண்ணியாச்சு அண்ணாச்சி" என்றார். உண்மையிலேயே ட்ரிப் நின்றது.

எங்கள் ஃபயர்மேன் ஷிஃப்ட் தவறாமல், மிதவை இருக்கும் சேம்பரின் வடிகாலைத் திறந்து சோதிப்பவர். சேம்பரில் தண்ணீர் வடிந்தால் மிதவை இறங்க வேண்டும், அலாரம் அடிக்க வேண்டும். அன்று இரவு அவர்தான் கூப்பிட்டார்: "அண்ணாச்சி, தண்ணிய வடிச்சும் ஃபேன் நிக்க மாட்டேங்கு."

உடனே தீயை இறக்கச் சொல்லிவிட்டு மூடியைத் திறந்தேன். இரண்டு டெர்மினலுக்கும் நடுவே விரல் நீளத்தில் ஒரு சிவப்பு வயர்த் துண்டு. லூப் போட்டிருக்கிறார்கள். இந்தச் சுற்று, எல்லாம் சரியாக இருக்கும்போது மூடியிருக்கும். தண்ணீர் இறங்கினாலோ வயர் அறுந்தாலோ திறந்து ஃபேனை நிறுத்தும். நடுவில் வயரைப் போட்டு இணைத்துவிட்டால் பாய்லர் காய்ந்தாலும் 'எல்லாம் சரி' என்றுதான் பேனலுக்குப் போகும்.

பாய்லர் ஆறியதும் மிதவையை வெளியே எடுத்தோம். ஆட்டினால் உள்ளே தண்ணீர் களக் களக் என்றது. ஊசி முனை அளவு ஓட்டை. அது வழியாகத் தண்ணீர் ஏறி மிதவை கனத்து அமிழ்ந்ததால்தான் அத்தனை ட்ரிப்பும். தண்டில் வெள்ளையாக உப்பு ஊறல். நெல் வராத காலத்தில் மாட்டிய ஸ்விட்ச்சில் அவ்வளவு ஊறல் படிய வழியே இல்லை. பெயர்த்தகட்டு ஓரத்தை நகத்தால் சுரண்டினால் சாம்பல் பெயின்ட்டுக்கு அடியில் இன்னொரு நிறம். போல்ட் தலைகளில் பழைய ஸ்பேனர் காயம்.

கடைக்காரர் சொன்ன பதில்: "அது டெம்பரரியா போட்டது, பையன் எடுக்க மறந்துட்டான்." பாதுகாப்பு ஸ்விட்ச்சில் டெம்பரரி என்ற பேச்சே கிடையாது. அந்தச் சாக்கை நான் ஏற்கவில்லை. பணம் இன்னும் திரும்பவில்லை.

அதே கடைக்காரர் கொடுத்த நீராவிக் கன்ட்ரோல் வால்வையும் பிறகு சோதித்தோம். மூடிய நிலையிலும் நீராவி கசிந்தது. காட்டி முள்ளோ பூஜ்யத்தில் நின்றது. முள்ளைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருந்தது. முள் சொல்வதை மட்டும் நம்பாமல் ஸ்டெம் (வால்வின் தண்டு) நகர்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பால் வால்வு என்றால் தண்டின் நுனியில் இருக்கும் கோடு குழாயோடு சேர்ந்து ஓடினால் திறப்பு, குறுக்கே நின்றால் அடைப்பு. மேலே திறப்பு, அடைப்பைக் காட்டும் நிறக் கூண்டைத் திருப்பி மாட்டியிருந்தால் அது பொய் சொல்லும். இன்னொன்று: எவ்வளவு நீராவி, என்ன அழுத்தம் என்று கேட்காமல் "லைன் ரெண்டு இஞ்ச், வால்வும் ரெண்டு இஞ்ச்" என்று கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். பெரிய வால்வு எப்போதும் லேசாகத் திறந்தே ஓடும், வால்வு அமர்ந்து அடைக்கும் சீட்டை நீராவி அரித்துவிடும்.

வாங்கும்போது பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். எங்கள் பில்லில் 'லெவல் ஸ்விட்ச் 1' என்று மட்டும்தான் இருந்தது. பாய்லர் ஃபிட்டிங்குக்கு ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிமுறைகள்) ஃபார்ம் 3-சி சான்றிதழ் கேளுங்கள், அதிலுள்ள எண் பொருளில் குத்தியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். மிதவை எந்த அழுத்தத்துக்கு, எந்த அடர்த்திக்கு என்றும் கேளுங்கள். 10 பார் அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 184 டிகிரியில் இருக்கும், அடர்த்தி 1-லிருந்து 0.88-க்கு இறங்கிவிடும். குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்கான மிதவை அங்கே ஒழுங்காக மிதக்காது.

சர்வீஸ் ஆள் வேலையை முடித்ததும், அவர் எதிரிலேயே மூடியைத் திறந்து டெர்மினலைப் பாருங்கள். அப்புறம் சேம்பரை வடித்து அலாரம் அடித்து ஃபேன் நின்ற பிறகு மட்டும் அவர் தாளில் கையெழுத்துப் போடுங்கள்.