பெரிய கடை வீதி நாட்டு மருந்துக்கடை: இருமல் சிரப்பு காய்ச்ச சாமான் வாங்கிட்டு வந்தேனுங்க

பனி ஆரம்பிச்சதுல இருந்து என்ற பையனுக்கு வறட்டு இருமல், ஏழு வயசுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்குவான். 2025 அக்டோபர்ல மத்தியப் பிரதேசத்துல இருமல் சிரப்பு குடிச்சு குழந்தைக செத்துப்போன சேதி வந்துச்சுல்லங்க, தயாரிச்சதே நம்ம காஞ்சிபுரம் பக்கம், அதுல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கற விஷ ரசாயனம் இருந்துச்சுன்னாங்க, அன்னையில இருந்து எனக்கு கம்பெனி சிரப்பு பாட்டிலக் கையில தொடவே பயம். டாக்டர்கிட்ட காட்டினேன், நெஞ்சுல சளி இல்ல, தொண்டை தான்னு சொன்னாரு. சரி, எங்க அமுச்சி (அம்மாவோட அம்மா) காய்ச்சற மாதிரி நாமளே காய்ச்சிரலாம்னு கோயமுத்தூர் டவுன்ஹால்ல எறங்கி பெரிய கடை வீதிக்குப் போனேன்.

கடை நெம்பச் சின்னது, ரெண்டு பேரு நின்னா மூணாவது ஆளு ரோட்டுல தான் நிக்கோணும். கல்லாவுல ஒரு பெரியவரு. அதிமதுரம் பொடி 50 கிராம் குடுங்கன்னேன். "பொடி வேண்டாம் அம்மிணி, வேராவே வாங்கிக்க, பொடியாக்கிட்டா உள்ள என்ன இருக்குதுன்னு எனக்கே தெரியாது"ன்னாரு. சொல்லிட்டு ஒரு வேர முறிச்சுக் காட்டினாரு, மேல பழுப்பு, உள்ள நல்ல மஞ்சள், நாரு நாரா பிரியுது, மென்னு பாத்தா மொதல்ல ஒண்ணும் தெரியல அப்பறம் நாக்குல தித்திப்பு நின்னுக்குது. குண்டுமணி வேரையும் அதிமதுரம்னு விப்பாங்களாம், அதனால வாங்கறப்ப முறிச்சுப் பாத்து வாங்குன்னாரு.

அதுக்கப்பறம் அவரு கேட்டது தான் எனக்கு ரொம்பப் புடிச்சுது. "யாருக்கு கண்ணு? வீட்டுல பிரஷர்காரங்க இருக்காங்களா? மாசமா யாராச்சும் இருக்காங்களா?" அதிமதுரம் பிரஷர ஏத்தும், ஆடாதோடை புள்ளத்தாச்சிக்கு ஆகாது, எங்க மாமியாருக்கு பிரஷர் இருக்குதுன்னதும் அவங்களுக்கு இதக் குடுத்தராதன்னு ரெண்டு தடவ சொன்னாரு. எத்தனையோ கடையில இதே சாமான் வாங்கியிருக்கறேன், ஒருத்தரும் யாரு குடிக்கறாங்கன்னு கேட்டதில்லைங்க.

கொறை சொல்லோணும்னா, பொட்டலம் கட்டற பையன் அரிசித் திப்பிலிக்கு பதிலா கண்டந்திப்பிலி போட்டுட்டான், வீட்டுக்கு வந்து பிரிச்சா குச்சி குச்சியா கெடக்குது, அது ரசத்துக்குப் போடறது. மறுநாள் பஸ் ஏறிப் போய் மாத்திட்டு வந்தேன், பெரியவரு ஒரு வார்த்தை பேசாம மாத்திக் குடுத்தாரு, ஆனா அலைச்சல் அலைச்சல் தானுங்க. பனங்கற்கண்டும் எனக்குத் திருப்தியில்ல, எல்லாம் ஒரே சைசுல பளிச்சுனு மஞ்சளா இருந்துச்சு, அத மட்டும் வேற எடத்துல வாங்கிக்கிட்டேன்.

நான் காய்ச்சுனது இப்படிங்க. ஆடாதோடை கடையில காஞ்சது இருக்குது, ஆனா ஊருக்குள்ள வேலியிலயே கெடைக்கும், ஆடு தொடாததுனால எங்க பாத்தாலும் தழதழன்னு நிக்கும், அதுல அஞ்சு எலை பறிச்சு நடுநரம்பக் கிள்ளிட்டேன், அதிமதுரமும் சித்தரத்தையும் பத்துப் பத்து கிராம் தட்டி, திப்பிலி நாலு, மிளகு ஒரு ஸ்பூன், துளசி ஒரு கைப்பிடி, ஒரு லிட்டர் தண்ணி ஊத்தி சிறுதீயில கால் லிட்டரா சுண்ட வெச்சு வடிகட்டிட்டு, 200 கிராம் பனங்கற்கண்டு போட்டு மறுபடியும் கொதிக்க விட்டேன். விரல்ல தொட்டா பிசுக்குனு ஒட்டோணும், அப்ப எறக்கிரலாம். சித்தரத்தை கல்லு மாதிரி இருக்கும், மிக்சியில போட்டராதீங்க பிளேடு போயிரும், அம்மிக்கல்லுல தட்டுங்க. ஆடாதோடையில இருக்கற வாசிசின்ங்கற மருந்துச் சத்துல இருந்துதான் சளிய எளக்கற புரோம்ஹெக்சின் மாத்திரையே வந்துச்சுன்னு பார்மசி படிச்ச என்ற தம்பி சொன்னான், அமுச்சிக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது, ஆனா எலை தெரியும்.

காலையில ஒரு ஸ்பூன், படுக்கப் போறப்ப ஒரு ஸ்பூன் வெதுவெதுன்னு தண்ணியில கலந்து குடுத்தேன். மூணாம் நாளு ராத்திரி எந்திரிக்காம தூங்கினான். கசப்பு இருக்குதுங்க, பொய் சொல்ல மாட்டேன், மொத நாளு துப்பிட்டான். கம்பெனி சிரப்பு அளவுக்கு சர்க்கரை இல்லாததுனால வெளிய வெச்சா புளிச்சுப் போயிரும், கண்ணாடி பாட்டில ஈரமில்லாம தொடச்சு ஊத்தி பிரிட்ஜுல வெச்சு ஒரு வாரத்துல முடிச்சுக்கோங்க. கைக்குழந்தைகளுக்கு இதெல்லாம் வேண்டாம், பனங்கற்கண்டு இல்லைன்னு தேன் ஊத்தறவங்க ஒரு வயசு ஆகாத புள்ளைக்கு தேன் ஒரு சொட்டுக் கூட நாக்குல வெக்காதீங்க. காய்ச்சல் இருந்தாலோ, மூச்சு எளைச்சாலோ நேரா டாக்டர்கிட்டப் போயிருங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன். வண்டி நிறுத்த எடமில்ல, பஸ்ஸுல போங்க. பெரியவரு காலையில தான் உக்காந்திருப்பாரு, மத்தியானத்துக்கு மேல அந்தப் பையன் மட்டும் தான், அப்பப் போனீங்கன்னா பொட்டலத்த அங்கயே பிரிச்சுப் பாத்துட்டு காசு குடுங்க.