எஃப்.சி.க்காக ஜிப்சியின் சஸ்பென்ஷனைப் பிரித்தோம்: மூன்று மழைக்காலம் ஓட்டிய பிறகு

வண்டி 2007 மாடல் மாருதி ஜிப்சி கிங், மேலே கேன்வாஸ் கூரை. புதிதாக எடுத்த நாளிலிருந்து அந்தியூர் பக்கம் எங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறது. தவிட்டு மூட்டை, தேங்காய், பம்புசெட் மோட்டார் என்று எல்லாம் ஏற்றியாகிவிட்டது. 2022-ல் 15 வருடம் முடிந்ததால் ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்ட வேண்டி வந்தது. அந்த வருடம் ஏப்ரலில்தான் 15 வயது தாண்டிய காருக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 600-லிருந்து 5,000 ரூபாயாக ஏற்றியிருந்தார்கள். அவ்வளவு கட்டி அடுத்த ஐந்து வருடம் ஓட்டப்போகிறோம் என்றால் அடிப்பகுதியை முழுசாகச் செய்துவிடலாம் என்று அப்பாவும் நானும் முடிவெடுத்தோம். ஜிப்சியோ பழைய மஹிந்திரா ஜீப்போ, நாலு சக்கரத்துக்கும் பிளேட் ஸ்பிரிங் (அடுக்கிக் கட்டிய வளைந்த இரும்புப் பட்டைகள்) உள்ள வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு இது உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

அப்போது வண்டி இருந்த நிலை இது. டிரைவர் பக்கம் பின்னால் இறங்கி நின்றது. கல் ரோட்டில் அடியிலிருந்து கடகடவென்று சத்தம். எல்லாவற்றையும் விட, 60 கி.மீ. வேகத்தைத் தொடும்போது ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்துவிடும், வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். பல பேர் இதற்கு வீல் பேலன்ஸ், அலைன்மென்ட் என்று திரும்பத் திரும்பச் செலவு செய்வார்கள். பவானியில் நாங்கள் விடும் பட்டறை அண்ணன் முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார், ஆடியது. உடனே என்னை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், அப்போதும் ஆடினால் கிங் பின் (முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு) பேரிங். எங்களுக்கு நிற்கவில்லை. அடுத்து டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்டு (ஸ்டீயரிங் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) தேய்ந்திருந்தால் தெரிந்துவிடும். ஸ்பேனர் எடுக்காமலே வீட்டில் எல்லாரும் செய்யக்கூடிய சோதனை இது, பழைய ஜிப்சி வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள்.

ஸ்டீயரிங் விஷயத்தில் சட்டமே ஒரு அளவு வைத்திருக்கிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதிப்படி ஸ்டீயரிங் வீலில் வெத்து ஆட்டம் (சக்கரம் திரும்பாமல் வீல் மட்டும் சுழல்வது) 30 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது. ஆனால் அந்த அளவை ஸ்டீயரிங் பாக்ஸில் இருக்கும் ஸ்க்ரூவை இறுக்கி மறைத்துவிடுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். தேய்ந்தது டை ராடு எண்டும் கிங் பின்னும்தான், பாக்ஸை இறுக்கினால் வளைவு முடிந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. பர்கூர் மலையில் அது எவ்வளவு ஆபத்து என்று ஓட்டினவர்களுக்குத் தெரியும்.

ஸ்பிரிங்கைக் கழற்றியது பெரிய வேலை. ஸ்பிரிங் நுனியை வண்டிச் சட்டத்தோடு கோக்கும் ஷாக்கிளின் போல்ட், அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் ராத்திரியே ஆயில் விட்டு ஊறவைத்தும் அசையவில்லை, கடைசியில் கேஸ் வைத்துச் சூடேற்றி, ரப்பர் எரிந்து பட்டறை முழுக்கப் புகை. வெளியே வந்த புஷ்ஷைப் பார்த்தால் நடு ஓட்டை முட்டை வடிவத்துக்கு இழுத்திருந்தது, ஒரு பக்கம் ரப்பரே இல்லை, இரும்பும் இரும்பும் உரசிப் பளபளவென்று இருந்தது. அந்தக் கடகட சத்தம் முழுக்க இங்கிருந்துதான்.

சங்ககிரியில் லாரிக்குப் பட்டா (பிளேட் ஸ்பிரிங்) வேலை செய்யும் பட்டறையில் ஸ்பிரிங் செட்டைக் கொடுத்தோம். லாரித் தொழில் ஊர், கை பழகிய ஆட்கள். மெயின் பிளேட்டை மட்டும் புதிதாகப் போட்டு, மற்றதைச் சூடு காட்டாமல் அடித்து வளைவு ஏற்றித் தந்தார்கள். “லோடு ஏத்துறீங்கல்ல, ஒரு பிளேட் சேர்த்துக் கட்டிரலாமுங்களா?” என்று கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டோம். ஜிப்சி சும்மாவே முதுகை உடைக்கும் வண்டி, இன்னொரு பிளேட் சேர்ந்தால் காலியாகப் போகும்போது டயர் ரோட்டில் நிற்காது. பெரிய ஷாக்கிள் போட்டு வண்டியை உயர்த்துவதும் அப்படித்தான். ஸ்டீயரிங் கோணம் கெடும், கம்பெனி அமைப்பை மாற்றுவது வாகனச் சட்டம் 52-வது பிரிவில் போய் மாட்டும், எஃப்.சி. நேரத்தில் வீண் பேச்சு.

திருப்பி மாட்டும்போது நடந்தது ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எல்லா போல்ட்டையும் கை இறுக்கத்தில் விட்டுவிட்டு வண்டியைக் கீழே இறக்கினார் அண்ணன். “ஏனுங்ணா, முறுக்கலீங்களா?” என்றேன். “தம்பி, தொங்கிட்டு இருக்கறப்ப முறுக்குனா கீழ எறக்குனதும் ரப்பர் திருகிக்கிட்டே நிக்கும். ஆறு மாசம் தாங்காது சாமி” என்றார். வண்டி தன் எடையில் தரையில் நிற்க, பின்னால் இருவரை ஏறி நாலு தடவை குதிக்கச் சொல்லி, அதற்கப்புறம்தான் கடைசி முறுக்கு. புஷ் சீக்கிரம் கிழிந்துவிட்டது என்று குறை சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஒரு இடத்தில்தான் தவறியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யூ-போல்ட் நாலு ஜோடியும் புதுசு. ஒருமுறை இழுத்து முறுக்கிய யூ-போல்ட்டின் மரையை மறுபடி நம்பக்கூடாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பப் போய் ஒரு இறுக்கு இறுக்கிக்கொண்டோம், நிஜமாகவே கொஞ்சம் தளர்ந்திருந்தது. விட்டுவிட்டால் பிளேட்டுகள் உள்ளே நகர்ந்து, அவற்றை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் முறியும், ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னால் தள்ளிப் போய்விடும். சந்தேகம் இருந்தால் முன் வீல் நடுவிலிருந்து பின் வீல் நடு வரைக்கும் இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள், சமமாக இருக்க வேண்டும். ஷாக் அப்சார்பர் நாலு, கிங் பின் பேரிங் செட், டை ராடு எண்டு, கூலி எல்லாம் சேர்த்து 30,000-க்குள் முடிந்தது.

எஃப்.சி. அன்றைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆய்வாளர் அடியில் குனிந்து பார்த்தார், ஸ்டீயரிங்கை ஆட்டினார், பிரேக் பார்த்தார், முடிந்தது.

அதற்குப் பிறகு ஓடியதுதான் முக்கியம். கீழ்பவானி வாய்க்கால் கரை, தாமரைக்கரை வரைக்கும் மலை, ஒருமுறை திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறித் தாளவாடி போய் வந்தது. 60-ல் ஆட்டம் இன்றுவரை திரும்பவில்லை. பின் ஸ்பிரிங் ஒரு விரல் அகலம் இறங்கியிருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கியிருப்பதால் கவலை இல்லை. முழுத் திருப்தி இல்லாதது பின் ஷாக் அப்சார்பர்தான். விலை குறைவு என்று எடுத்தது, இரண்டாவது மழைக்காலத்திலேயே ஒன்றில் ஆயில் கசிந்து மாற்றினோம். முன்னால் போட்ட நல்ல ஜோடி இன்னும் காய்ந்தே இருக்கிறது. ஸ்பிரிங் புஷ் எல்லாம் ரப்பர்தான், பாலியூரித்தேன் போடவில்லை, ஷாக்கிள் பக்கம் மட்டும் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு தெரிகிறது. 2027-ல் அடுத்த எஃப்.சி. வரும், அதற்கு முன்னால் அந்தப் புஷ்ஷையும் கிங் பின் கிரீஸையும் பார்த்துவிடச் சொல்லி அண்ணனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.