பிளாங்க் தரவா, தென் துருவத் தரவா?

பெருவெடிப்பின் மிச்ச ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணியின் தளவிளைவில் (அலைகள் ஒரு குறிப்பிட்ட திசையில் கூடுதலாக அதிர்வதில்) முதுகலை ஆய்வு செய்ய விரும்பும் தம்பி தங்கைகள் கோலாலம்பூரில் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். இங்கிருந்து அளப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் காற்றின் ஈரம் அந்த அலைகளை விழுங்கிவிடும். பிறர் அளந்து வெளியிட்டதை எடுத்துக்கொள்வதுதான் வழி. நான் பிளாங்க் விண்கலத்தின் தரவை எடுத்தேன். இன்றும் அதையே சொல்வேன்.

அளவீட்டின் நுண்மையில் தென் துருவத் தரவுதான் முன்னே நிற்கிறது. அங்குள்ள பைசெப், கெக் தொலைநோக்கிகள் வானத்தின் ஒரு சிறு துண்டையே ஆண்டுக்கணக்கில் உற்று நோக்கின. பேரண்டத்தின் தொடக்கத்தில் எழுந்து, பின்னணியின் தளவிளைவில் தடம் விட்டிருக்கக்கூடிய ஆதி ஈர்ப்பலைகளின் வலிமையைக் குறிக்கும் 'ஆர்' மதிப்பு 0.036-க்குக் கீழேதான் என்று 2021-இல் வரம்பு கட்டியது அந்தக் குழுதான். பிளாங்க் தனியாக அந்த ஆழத்தை எட்டாது.

ஆனால் வழக்கைத் தீர்ப்பது தூசி. பால்வீதியின் தூசித் துகள்கள் காந்தப்புலத்தில் ஒரே திசையில் அணிவகுத்து, தாமும் தளவிளைவுற்ற அலைகளை உமிழ்கின்றன. 2014 மார்ச்சில் பைசெப்2 குழு ஈர்ப்பலைத் தடத்தைக் கண்டதாக அறிவித்தது. ஆர் சுமார் 0.2 என்றார்கள். அந்தக் கருவி பார்த்ததோ 150 கிகாஹெர்ட்ஸ் ஒன்றை மட்டும். ஒரே அலைவரிசையை வைத்துக்கொண்டு தூசி எது, பின்னணி எது என்று எப்படிப் பிரிப்பது? பிளாங்க் 30 முதல் 353 கிகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் தளவிளைவை அளந்திருந்தது. 2015-இல் இரு தரப்புத் தரவையும் சேர்த்துப் பார்த்ததும் ஈர்ப்பலைக்கான சான்று நிற்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாடகை அறையில் சாதாரண மடிக்கணினியிலேயே இதைப் பார்க்கலாம். பிளாங்கின் 353 கிகாஹெர்ட்ஸ் வான்படத்தைத் திறங்கள்: ஐந்து கோடிப் புள்ளிகள், நடுவே பால்வீதி பட்டையாக எரிகிறது, அதிலிருந்து தூசி இழைகள் மேலும் கீழும் கிளம்புகின்றன. அதே இடத்தை 100 கிகாஹெர்ட்ஸில் திறந்தால் இழைகள் மங்கிவிடும். தூசியைக் கழிக்கும் பயிற்சி இப்படித்தான் கைவரும். பிளாங்கை எடுக்க இன்னொரு காரணமும் உண்டு: முதல் விண்மீன்கள் ஹைட்ரஜனை அயனியாக்கிய காலம் தளவிளைவில் விட்ட தடமும் மிகப் பெரிய கோணங்களில்தான் இருக்கிறது. அதைத் தேட முழு வானம் வேண்டும்.

பிளாங்கிலும் குறை உண்டு. பால்வீதியை விட்டு விலகிய பகுதிகளில் 353 படத்தில் இரைச்சல் அதிகம். பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் ஏதாவது தெரியும். துருவத் தரவின் வடிகட்டல் முறைகளை நான் மேலோட்டமாகத்தான் கையாண்டிருக்கிறேன்; அதில் பழகியவர்கள் வேறு தீர்ப்புச் சொல்லக்கூடும். ஈர்ப்பலைதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் துருவத் தரவுக்கே போகட்டும். அங்கேயும் தூசியைக் கழிக்க அந்தக் குழு பிளாங்கின் 353 படத்தைச் சேர்த்தே பயன்படுத்துகிறது.