கீப்பர் லீக் விதிகள்: கமிஷனர் பொறுப்பில் கண்ட அனுபவம்

நியூ ஜெர்சியில் ஒரே அலுவலகத்தில் பணியாற்றியவர்களும் அவர்களுடைய நண்பர்களுமாகப் பன்னிரண்டு பேர் நடத்தும் ஃபேன்டஸி ஃபுட்பால் லீக் (உண்மையான அமெரிக்க ஃபுட்பால் வீரர்களைத் தேர்ந்தெடுத்து அணி அமைத்து, ஆட்டங்களில் அவர்கள் செய்வதற்கேற்பப் புள்ளி பெறும் போட்டி) ஒன்றுக்குப் பல பருவங்களாக நான் கமிஷனராக, அதாவது விதிகளை நடத்திச் செல்பவராக, இருந்து வருகிறேன். பதினைந்து சுற்று ஸ்நேக் டிராஃப்ட் (வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு; ஒரு சுற்றில் கடைசியாக எடுப்பவர் அடுத்த சுற்றில் முதலில் எடுப்பார்), பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் அரைப் புள்ளி, ஒவ்வோர் அணியும் அடுத்த ஆண்டுக்கு இரண்டு வீரர்கள் வரை தக்கவைத்துக்கொள்ளும் உரிமை ஆகியவை எங்கள் லீக்கின் அடிப்படை அமைப்பு. இத்தனை பருவங்கள் ஓடிய பிறகு என் மதிப்பீடு இதுதான்: தக்கவைக்கும் வீரருக்கு என்ன விலை, அந்த விலை ஆண்டுதோறும் எப்படி ஏறுகிறது என்னும் இரண்டையும் சரியாக எழுதிவிட்டால் லீக் நிலைக்கும், அதில் ஓட்டை இருந்தால் மற்ற விதிகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனில்லை.

இந்த வகை லீக்கை ஆடிப் பழகாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் எல்லா வீரர்களையும் பொதுவில் விட்டுவிட்டுப் புதிதாகத் தேர்ந்தெடுப்பது ரீடிராஃப்ட். ஏறக்குறைய முழு அணியையும் ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்வது டைனஸ்டி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது கீப்பர். ஐபிஎல் மெகா ஏலத்துக்கு முன் அணிகள் சில வீரர்களைத் தக்கவைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக ஏலத் தொகையில் ஒரு பகுதியை இழப்பதைக் கவனித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அங்கே கோடிகளில் கழிப்பதை இங்கே டிராஃப்ட் சுற்றுகளில் கழிக்கிறோம்: ஒருவரைத் தக்கவைப்பவர் அவருடைய விலையான சுற்றில் வேறொருவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை இழப்பார்.

விலை ஏற்றம் ஏன் தேவை என்பதற்கு, என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்) குவார்ட்டர்பேக்கான, அதாவது பந்தை எறிந்து அணியை நடத்தும் வீரரான, பேட்ரிக் மஹோம்ஸைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. 2017இல் ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் தொடக்க வீரராக இறங்கிய அவரை, 2018 டிராஃப்டில் பத்தாம் சுற்றையொட்டி எடுக்க முடிந்தது. அந்தப் பருவத்தில் அவர் 50 டச் டவுன் பாஸ்களும் (எதிரணியின் எல்லைக்குள் சேர்ந்து புள்ளி தரும் எறிதல்கள்) 5,000 யார்டுகளுக்கு மேலும் எறிந்தார். எடுத்த சுற்றிலேயே காலமெல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கும் லீக்கில், 2018இல் அவரை எடுத்தவர் அதற்குப் பின் பத்தாம் சுற்றைக் கொடுத்தே ஆண்டுதோறும் லீக்கின் முதன்மை குவார்ட்டர்பேக்கை வைத்திருப்பார். கண்டெடுத்தவருக்குப் பரிசு கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மற்ற பதினொரு பேரும் டிராஃப்டுக்கு வருவதே வீண் என்று எண்ணும் அளவுக்கு அந்தப் பரிசு நீளக் கூடாது.

ஆகவே எங்கள் விதி இப்படி அமைந்தது: ஒவ்வொரு முறை தக்கவைக்கும்போதும் விலை இரண்டு சுற்றுகள் ஏறும், ஒரு வீரரை மூன்று முறைக்கு மேல் தக்கவைக்க முடியாது. பத்தாம் சுற்றில் எடுத்தவருக்கு முதலில் எட்டாம் சுற்று, பிறகு ஆறாம் சுற்று, பிறகு நான்காம் சுற்று. அதற்குப் பின் அவர் பொதுத் தொகுப்புக்குத் திரும்பிவிடுவார். மூன்றாம் சுற்றில் எடுத்தவருக்கு முதல் சுற்றையே விலையாகக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு சுற்றுகளில் எடுத்தவர்களைத் தக்கவைக்கவே இயலாது. இந்தக் கடைசித் தடையைப் பலர் கடுமையானது என்பார்கள். எனக்கோ முழுத் தொகுப்பிலும் மிகப் பிடித்த வரி அதுதான், ஏனெனில் அதனால்தான் ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் முதல் சுற்றுக்குரிய நட்சத்திரங்களில் பெரும்பாலோர் பொதுவில் இருக்கிறார்கள், டிராஃப்ட் இரவுக்கு உயிர் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு சுற்று ஏற்றினால் போதும் என்று வாதிடுவோர் உண்டு. ஒரு சுற்று ஏற்றம் எட்டாம் சுற்றுக்குக் கீழே ஏறக்குறைய இலவசம் என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. பதினோராம் சுற்றுக்கும் பத்தாம் சுற்றுக்கும் இடையே கிடைக்கும் வீரர்களின் தரத்தில் பெரிய வேறுபாடு எதுவும் கிடையாது.

டிராஃப்டில் எவரும் எடுக்காமல், பருவத்தின் நடுவே வேவரில் (எந்த அணியிலும் இல்லாத வீரர்களைக் கோரிப் பெறும் முறையில்) சேர்க்கப்பட்டவருக்கு என்ன விலை என்பதுதான் அடுத்த சிக்கல். பந்தைப் பிடிக்கும் ரிசீவரான புகா நகுவா, 2023இல் என்எஃப்எல் அணிகளே புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் தேர்வானவர். பெரும்பாலான ஃபேன்டஸி லீக்குகளில் அவர் பெயரையே எவரும் அழைக்கவில்லை. அதே அணியின் முன்னணி ரிசீவர் கூப்பர் கப் காயத்தால் வெளியே இருந்த முதல் வாரத்தில் பத்துப் பந்துகள் பிடித்துத் தொடங்கியவர், 105 பந்துகள், 1,486 யார்டுகள் என்று அறிமுக வீரர்களுக்கான சாதனைகளோடு பருவத்தை முடித்தார். இத்தகையவருக்குக் கடைசிச் சுற்று விலை என்று வைத்தால், வேவரில் ஏலம் கேட்க ஒதுக்கிய தொகையைத் துணிந்து செலவிட்ட ஒருவருக்கு மூன்று ஆண்டுகள் முன்னணி ரிசீவர் ஒருவர் கிடைத்துவிடுவார். ஐந்தாம் சுற்று என்று வைத்தால் வேவரில் உழைப்பதற்கே ஊக்கம் இராது. நாங்கள் பத்தாம் சுற்று என்று வைத்தோம். 2024இல் நகுவாவைத் தக்கவைத்தால் பத்து, 2025இல் எட்டு என்று போகும் கணக்கு இரு தரப்புக்கும் நியாயமாகவே பட்டது. 2024இன் முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் காயமுற்றுப் பல வாரங்கள் வெளியே இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மலிவு விலையும் ஒரு பந்தயம்தான்.

இந்த விதியோடு ஒட்டி வரும் ஓர் ஓட்டையை மறக்கவே கூடாது. நான்காம் சுற்றில் எடுத்த வீரரை ஒருவர் வேண்டுமென்றே விடுவித்து, வேவர் காலம் (விடுவிக்கப்பட்டவரைப் பிறர் கோருவதற்கான அவகாசம்) முடிந்ததும் மீண்டும் சேர்த்துக்கொண்டால், அவர் ‘டிராஃப்ட் செய்யப்படாதவர்’ ஆகிப் பத்தாம் சுற்று விலைக்கு இறங்கிவிடுவாரா? எங்கள் விதியில் டிராஃப்டில் ஒருமுறை எடுக்கப்பட்டவரின் சுற்று அந்தப் பருவம் முழுவதும் அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். யார் விடுவித்தாலும், யார் சேர்த்தாலும், ட்ரேடில் (அணிகளுக்கிடையேயான பரிமாற்றத்தில்) கைமாறினாலும் விலையும் தக்கவைத்த எண்ணிக்கையும் கூடவே போகும். தக்கவைத்த இருவருக்கும் ஒரே சுற்று விலையாக வந்தால், ஒருவருக்கு அதற்கு முந்தைய சுற்றைக் கொடுக்க வேண்டும்.

தேதிகளைப் பற்றியும் தெளிவு வேண்டும். குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் 2019 ஆகஸ்ட் 24 அன்று, பருவம் தொடங்க இரண்டு வாரங்கள் கூட இல்லாத நிலையில், திடீரென்று ஓய்வை அறிவித்தார். 2021 ஆகஸ்ட் 28 அன்று, பந்தை ஏந்தி ஓடும் வீரரான ஜே.கே. டாபின்ஸ் முன்பருவ ஆட்டமொன்றில் முழங்கால் தசைநார் கிழிந்து அந்தப் பருவத்தையே இழந்தார். தக்கவைப்புப் பட்டியலை ஆகஸ்ட் நடுவில் பூட்டிவிடும் லீக்குகளில் இத்தகைய செய்தி ஓர் உரிமையாளரின் ஆண்டையே தீர்மானித்துவிடும். 2021 முதல் முன்பருவ ஆட்டங்கள் மூன்றாகக் குறைந்து, கடைசி ஆட்டத்துக்கும் பருவத் தொடக்கத்துக்கும் நடுவே ஒரு வார இறுதி காலியாக இருப்பதால், செப்டம்பர் முதல் திங்களன்று வரும் லேபர் டேயை ஒட்டிய அந்த வார இறுதியிலேயே டிராஃப்டை வைத்து, அதற்கு நாற்பத்தெட்டு மணி நேரம் முன்பு பட்டியலைப் பூட்டுகிறோம். பூட்டிய பின் ஒருவர் பருவம் முழுவதும் ஆட முடியாதென்று உறுதியானால் அவரைப் பட்டியலிலிருந்து நீக்கிக்கொள்ளலாம். வேறொருவரை அவரிடத்தில் அறிவிக்க முடியாது. பந்தயம் கட்டியதற்காக 2022 பருவம் முழுவதும் தடை செய்யப்பட்ட ரிசீவர் கால்வின் ரிட்லி போன்றவரை அடுத்த ஆண்டை எண்ணி வைத்துக்கொள்ள விரும்பினால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் ஆடாத அந்த ஆண்டும் மூன்றில் ஒன்றாகவே எண்ணப்படும்.

ட்ரேடில் எதிர்காலச் சுற்றுகளைக் கைமாற்ற அனுமதிக்கிறோம், அடுத்த பருவத்தை மட்டும். அப்படி ஒரு சுற்றைக் கொடுப்பவர் அடுத்த ஆண்டுக் கட்டணத்தையும் அப்போதே செலுத்திவிட வேண்டும். இல்லையெனில் எதிர்காலத்தை விற்றுக் கோப்பையை வாங்கிக்கொண்டு விலகிப் போகிறவருக்குப் பின்னால் வருபவர் வெறும் கூட்டைத்தான் ஏற்க நேரும். நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய வாரத்தோடு ட்ரேட் முடிகிறது. வாக்கெடுப்பின் மூலம் ட்ரேடை ரத்து செய்யும் முறையை நான் ஆதரிப்பதில்லை. கூட்டுச்சதி என்பதற்கு ஆதாரம் இருந்தாலொழிய இருவர் மனமொப்பிச் செய்துகொண்டதை மற்றவர்கள் தங்கள் ஆதாயத்துக்காகத் தடுக்கக் கூடாது.

தோற்ற அணிக்கு முதல் தேர்வு என்ற வழக்கம் கீப்பர் லீக்கில் ஆபத்தானது, ஏனெனில் நவம்பரிலேயே நம்பிக்கை இழந்தவருக்கு வேண்டுமென்றே தோற்பது லாபமாகிவிடுகிறது. பிளேஆஃபுக்குத் தகுதி பெறாத ஆறு அணிகளுக்கும் தனியாக ஒரு சுற்றுப்போட்டி வைத்து, அதில் வெல்பவருக்கு முதல் தேர்வு என்று அறிவித்துவிட்டோம். இந்த ஏற்பாட்டை நான் முழுமையாகப் பரிந்துரைக்கிறேன். டிசம்பர் மாதத்தில் கடைசி இடத்தில் இருப்பவர்கூட ஞாயிறு காலை காயப் பட்டியலைப் பார்த்து அணியை மாற்றுகிறார்.

இறுதிப் போட்டி பதினேழாம் வாரத்தில். பதினெட்டாம் வாரத்தில் பிளேஆஃபை உறுதி செய்துவிட்ட என்எஃப்எல் அணிகள் முக்கிய வீரர்களுக்கு ஓய்வளிப்பதால் அந்த வாரத்தைத் தவிர்க்கிறோம். 2023 ஜனவரி 2 அன்று, அந்தப் பதினேழாம் வாரத்தின் திங்கள் இரவு ஆட்டத்தில், பஃபலோ அணியின் டமார் ஹாம்லின் இதயத் துடிப்பு நின்று மைதானத்திலேயே சரிந்தார். முதல் கால்பகுதியிலேயே நிறுத்தப்பட்ட ஆட்டம் பிறகு ரத்தானது. அன்றிரவு ஃபேன்டஸி புள்ளிகளைப் பற்றிப் பேசுவதே பொருத்தமற்றது என்று தோன்றியது, அந்தக் கருத்து இப்போதும் மாறவில்லை. ஆனாலும் அந்த ஆட்டத்தில் களமிறங்கிய ஜோஷ் ஆலன், ஜோ பர்ரோ, ஜமார் சேஸ் ஆகியோரை நம்பி இறுதிப் போட்டியில் நின்ற அணிகள் நாடெங்கும் இருந்தன, எழுதப்பட்ட விதி பெரும்பாலான லீக்குகளில் இருக்கவில்லை. எங்கள் விதிப்புத்தகத்தில் இப்போது ஒரு வரி உண்டு: இறுதிப் போட்டி வாரத்தில் ஓர் ஆட்டம் ரத்தானால், இரு அணிகளில் எதற்கேனும் அந்த ஆட்டத்தில் வீரர் இருக்கும் நிலையில், பரிசு சமமாகப் பகிரப்படும்.

செயலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் பயன்படுத்தும் இலவசச் செயலியில் தக்கவைத்த வீரரை எந்தச் சுற்றில் வைப்பது என்பதைக் கமிஷனர் பதிவு செய்ய முடிகிறது. ஆனால் விலை ஏற்றத்தையும் ஆண்டுக் கணக்கையும் அது தானாகக் கவனிப்பதில்லை. அவற்றை எல்லோரும் பார்க்கக்கூடிய, நான் மட்டுமே திருத்தக்கூடிய ஒரு விரிதாளில் வைத்திருக்கிறேன். சற்றுச் சலிப்பூட்டும் வேலைதான், எனினும் ஆகஸ்ட்டில் எழும் வாக்குவாதங்களில் பாதியை அது முளையிலேயே நிறுத்திவிடுகிறது.

விதித் திருத்தங்களுக்குப் பன்னிரண்டில் எட்டு வாக்குகள் தேவை. தக்கவைப்பைப் பாதிக்கும் எந்தத் திருத்தமும், நடப்புப் பட்டியலை நம்பி ட்ரேட் செய்தவர்களுக்கு இழப்பு நேராதபடி, ஒரு முழுப் பருவம் கழித்தே நடைமுறைக்கு வரும். இரண்டாவது குவார்ட்டர்பேக்கை இறக்க இடமளிக்கும் சூப்பர்ஃப்ளெக்ஸ் முறைக்கு மாறலாம் என்னும் முன்மொழிவு இப்போது நிலுவையில் இருக்கிறது. அது நிறைவேறினால் பத்தாம் சுற்று விலையில் உள்ள குவார்ட்டர்பேக்குகளின் மதிப்பு ஒரே இரவில் பன்மடங்காகும் என்பதால், குவார்ட்டர்பேக்குகளுக்கு மட்டும் விலை ஏற்றத்தை ஆண்டுக்கு மூன்று சுற்றாக ஆக்க வேண்டும் என்று நான் ஒரு துணைத் திருத்தம் கொடுத்திருக்கிறேன். அதற்கு இதுவரை ஐந்து பேரின் ஒப்புதல் கிடைத்திருக்கிறது.