வலதுசாரிக் கட்டுரைகளோடு முப்பது வருஷம்: மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகர்

மும்பை மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பேப்பர் கடையில் எனக்கென்று ஒரு துக்ளக் எடுத்து வைப்பார்கள். 1993இல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்த ஏற்பாடு. அதோடு ஆங்கிலத்தில் வரும் வலதுசாரிப் பத்திகள், பட்ஜெட் சமயத்துக் கட்டுரைகள், வெளியுறவு அலசல்கள் என்று சேர்ந்துகொண்டே போனது. இவ்வளவு வருஷம் படித்ததில் என்ன பயன் என்று மகள் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாசித்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "இந்தத் திட்டம் வந்தால் இப்படி ஆகும்" என்று யாராவது எழுதினால் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுவேன். ஐந்தாறு வருஷம் கழித்து எடுத்துப் பார்ப்பேன். சொன்னது பலித்ததா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

இந்த ருசியை ஏற்றியது அப்பா. பிரபோர்ன் மைதானத்தில் வக்கீல் நானி பால்கிவாலா பட்ஜெட்டைப் பற்றிப் பேசுகிறார் என்றால் ஆபீஸிலிருந்து நேரே போய்விடுவார். கையில் குறிப்பே இல்லாமல் அந்த மனிதர் வரி விகிதங்களை அடுக்குவதை வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்வார். தொழில் நடத்த எதற்கும் அரசு அனுமதி கேட்டு நிற்கும் நிலையை ராஜாஜி 'பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்' என்பார்; அந்த வார்த்தையை நான் கேட்டதும் அப்பா வாயிலிருந்துதான். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது ராஜாஜிக்கு எண்பது வயது. 1967இல் மக்களவையில் 44 இடம் வந்தது, அடுத்த ஏழு வருஷத்தில் கட்சியே கரைந்துபோனது. ஆனால் 1991இல் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று காங்கிரஸ் அரசே அறிவித்தது. ராஜாஜி போய்ச் சேர்ந்து அப்போது பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது.

இந்த எழுத்து எனக்குக் கற்றுக்கொடுத்த பெரிய விஷயம் ஒரு கேள்வி: இந்தச் சலுகைக்கு யார் காசு கொடுக்கிறார்கள், இருபது வருஷம் கழித்தும் கொடுப்பார்களா? பதிலை நான் வேறெங்கும் தேடவேண்டியிருக்கவில்லை. நான் குடியிருக்கும் கட்டடமே பதில். 1947 பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தில் நிறுத்தியது. போர் முடிந்து, பிரிவினை அகதிகள் வந்து குவிந்த காலம். அன்றைக்கு அது நியாயம். தற்காலிகம் என்று வந்த சட்டத்தை நீட்டி நீட்டி அரை நூற்றாண்டு ஓட்டினார்கள். அப்பா பகடி, அதாவது குடிவர மொத்தமாகக் கொடுக்கும் தொகை, கொடுத்து இந்த வீட்டுக்கு வந்தார், மாதம் 45 ரூபாய். 1997இல் உச்ச நீதிமன்றமே இந்த உறைந்த வாடகை நியாயமில்லை என்று சொன்ன பிறகுதான் 1999இல் புதுச் சட்டம் வந்தது. அதிலும் வருஷத்துக்கு நாலு சதவீதம்தான் உயர்வு. இன்றும் நான் கொடுப்பது 300 ரூபாய்க்குள்.

மாடிப்படி வளைவில் கை வைத்தால் காரை உதிரும். இரண்டாம் மாடி பால்கனிக்குக் கீழே மரக்கட்டை முட்டுக் கொடுத்து ஒன்பது மழைக்காலம் ஆகிவிட்டது. மழைக்கு முந்தி ஒவ்வொரு ஜூனிலும் அந்தக் கட்டையைத் தட்டிப் பார்ப்பேன். வீட்டுக்காரர் குஜராத்தி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "சேட், ரிப்பேர் எப்போது?" என்று கேட்டால், "அண்ணா, நீங்கள் எல்லோரும் கொடுக்கும் வாடகையில் ஒரு மேஸ்திரியின் ஒரு வாரக் கூலி வருமா?" என்பார். வராது. சட்டத்தால் லாபம் அடைந்தவன் நான், ஆபத்தில் இருப்பவனும் நான். பழைமைவாதப் பொருளாதாரம் சொல்வது இந்த இடத்தில் அப்பட்டமான உண்மை, என் தலைக்கு மேலேயே இருக்கிறது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். 1969இல் 14 வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டதை எதிர்த்து நிறையப் படித்திருக்கிறேன், வாதமெல்லாம் சரியாகத்தான் பட்டது. ஆனால் எங்கள் பாட்டி ஊருக்கு முதல் வங்கிக் கிளை வந்தது அதற்குப் பிறகுதான். அதுவரை அவள் நகை போனது வட்டிக்கடைக்கு. இந்த ஒன்றுக்கு நான் படித்தவர்களில் எவரும் நேருக்கு நேர் பதில் எழுதவில்லை.

இன்னும் வலித்தது 2016 நவம்பர் 8. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாது. அவசரப்படாதே, ஊர் பழகிய ஏற்பாட்டை ஒரே உத்தரவில் கலைக்காதே என்று வாழ்நாளெல்லாம் எழுதியவர்கள்தான் முதலில் கத்தியிருக்க வேண்டும். நான் படித்தவற்றில் பெரும்பகுதி கை தட்டியது. நேரு காலத்துத் திட்டத்துக்கு ஒரு அளவுகோல், தன் கட்சியின் திட்டத்துக்கு வேறொன்று என்றால் அதைப் படித்து என்ன பயன்? 99 சதவீதத்துக்கு மேல் நோட்டுகள் வங்கிக்கே திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018இல் சொன்னது. அன்றைய கட்டுரைகள் தேதியோடு என் பெட்டியில் இருக்கின்றன. சிலரைப் படிப்பதை அன்றோடு விட்டேன்.

உலக விவகாரத்தில் என் அளவுகோலும் ராஜாஜிதான். கம்யூனிசத்தை அவ்வளவு எதிர்த்தவர், 1962இல் எண்பத்து மூன்று வயதில் வாஷிங்டன் போய், அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கென்னடியிடமே சொன்னார். டிவி விவாதங்களில் அந்தத் தைரியத்தைத் தேடி அலுத்துவிட்டேன். அவற்றைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

கடையில் பத்திரிகை வாங்குவதை நிறுத்தவில்லை. மகளும் இப்போது ஓரத்தில் கோடு போடுகிறாள், பேனாவால். போன வாரம் கட்டடத்தை இடித்துக் கட்டும் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். சேட்டும் போட்டார். டிரங்குப் பெட்டியை எங்கே வைப்பது என்றுதான் வீட்டில் பேச்சு நடக்கிறது.